நரம்புக் கழலையும் நமது அறிவும்

(ஒரு சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு வியாதியைப் பற்றியதாகும். இந்த மேடையில் வியாதியைப் பற்றி என்ன பேச்சு, அதை வைத்தியர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று சிலர் நினைக்கக்கூடும். வியாதி வந்தவுடன் வைத்தியரிடம் போகிற வழக்கம் நம் ஜனங்களுக்கு இருக்குமானால் நாம் இதைப் பேசவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் உடம்பில் ஒரு கட்டி கிளம்பினால் நாம் முதலில் யாரிடம் போகிறோம்? சோசியனிடம் போகிறோம், மந்திரிப்பவனிடம் போகிறோம், உப்பும் மிளகும் வாங்கிக் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுகிறோம், குதிரைவால் மயிரைக் கட்டிப் பார்க்கிறோம், காரம் வைக்கிறோம், சூடு போடுகிறோம். இவ்வளவும் செய்து பணமும் காலமும் போனபிறகு, கை மரத்து, விரல் விழுந்தபிறகு, ஆஸ்பத்திரிக்குப் போய் “எப்படியாவது காப்பாற்றுங்கள்” என்கிறோம். ஆகவே இது வைத்தியருக்கு மாத்திரம் சேர்ந்த விஷயமல்ல. நமது அறிவுக்கும் மானத்துக்கும் சேர்ந்த விஷயமாகும்.

கட்டி என்றால் எத்தனையோ வகை உண்டு. சீழ்க்கட்டி உண்டு, கொழுப்புக் கழலை உண்டு, புற்று உண்டு. இவற்றில் நாம் சொல்லப்போவது நரம்பின் உறையிலிருந்து கிளம்பும் கழலையைப் பற்றியாகும். இது பெரும்பாலும் சாதுவான கழலை. புற்றைப்போல் இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் பரவுவதில்லை. ஆனால் சாது என்பதற்காக அலட்சியமாகவும் இருந்துவிடக்கூடாது. கட்டி என்பதற்காக அலறி அடித்துக்கொண்டு கத்தியைத் தேடவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் அறிவு என்று ஒன்று இருக்கிறது. அதைக்கொண்டு யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

நரம்பு என்பது என்ன?

நம்மில் பலர் கையில் பச்சையாய்த் தெரிகிற இரத்தக் குழாயையே நரம்பு என்று சொல்லுகிறோம். அது நரம்பல்ல. நரம்பு என்பது மூளையிலிருந்தும் முதுகுத்தண்டிலிருந்தும் கை கால்களுக்குப் போகிற வெண்மையான கயிறு போன்றது. காலில் முள் குத்தினால் அந்தச் செய்தியை மேலே கொண்டுபோவதும் அதுதான். காலை இழுத்துக்கொள் என்ற உத்தரவைக் கீழே கொண்டுவருவதும் அதுதான். ஒரு கயிற்றில் எத்தனையோ நார்கள் சேர்ந்து முறுக்கியிருப்பதுபோல ஒரு நரம்பில் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் சேர்ந்திருக்கின்றன.

மின்சாரக் கம்பிக்கு மேலே ரப்பர் சுற்றியிருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அதுபோல இந்த இழைகளைச் சுற்றி உறையாய் இருந்து காப்பாற்றுகிற ஜீவ அணுக்கள் இருக்கின்றன. ஜெர்மனி தேசத்து அறிஞர் தியோடர் ஷ்வான் என்பவர் 1839-ல் வெளியிட்ட புத்தகத்தில், மிருகங்களின் உடம்பெல்லாம் ஜீவ அணுக்களால் ஆனது என்று எடுத்துக்காட்டினார். நரம்பு உறையின் அணுக்களை விவரித்தவரும் அவரே. ஆதலால் அவற்றிற்கு ஷ்வான் அணுக்கள் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஷ்வான் அணுக்கள் தேவையான அளவு பெருகி, தேவை தீர்ந்ததும் நின்றுவிட வேண்டும். தேரை இழுக்க ஆயிரம் பேர் இருந்தாலும், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவன் ஒருவன் இல்லாவிட்டால் தேர் வீட்டுக்குள் புகுந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். அதுபோல அணுக்களின் பெருக்கத்துக்கும் முட்டுக்கட்டை போடுகிற சரக்கு ஒவ்வோர் அணுவுக்குள்ளும் இருக்கிறது. அதைச் செய்யச் சொல்லும் குறிப்புக்கு ஜீன் என்று பெயர். ஏதோ ஓர் அணுவில் அந்த ஜீன் கெட்டுப்போய் முட்டுக்கட்டை இல்லாமற் போனால், அந்த அணு இரண்டாகி, இரண்டு நான்காகி, நிற்காமல் பெருகிக் கழலையாகிறது. இவ்வளவுதான் இதன் காரணம். இதில் கண்ணேறும் இல்லை, செய்வினையும் இல்லை, சனியும் இல்லை.

இரண்டு வகைக் கழலைகள்

இக்கழலைகளில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்றுக்கு ஷ்வானோமா என்று பெயர். மற்றொன்றுக்கு நியூரோபைப்ரோமா என்று பெயர். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பாதகமில்லை. வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால் போதும். ஏனெனில் சிகிச்சை அந்த வித்தியாசத்தைப் பொறுத்தே இருக்கிறது.

ஷ்வானோமா என்பது அநேகமாக ஷ்வான் அணுக்களால் மாத்திரம் ஆனது. அது தனக்கென்று ஒரு தோலோடு, நரம்பின் இழைகளை ஒரு பக்கமாக ஒதுக்கித் தள்ளிவிட்டு உருண்டு நிற்கும். வேர்க்கடலையில் ஓடு வேறு பருப்பு வேறாக இருப்பதைப்போல இதுவும் தனியாக எடுக்கக் கூடியது. பெரும்பாலோருக்கு இது ஒன்றே ஒன்றுதான் வரும், நடுவயதில் வரும், கழுத்திலோ, கையிலோ, காலிலோ, தலைக்குள்ளோ, முதுகுத்தண்டின் பக்கத்திலோ வரும்.

நியூரோபைப்ரோமா அப்படியல்ல. அதில் ஷ்வான் அணுக்களோடு நாராய் அமைந்த வேறு அணுக்களும் கலந்திருக்கும். நரம்பின் இழைகளும் அதற்குள்ளேயே ஓடும். நெய்த துணியில் ஊடு நூலைப் பாவு நூலிலிருந்து பிரிப்பது எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு கஷ்டம் இதைப் பிரிப்பது. தோலில் ஒன்றிரண்டு மிருதுவான சிறு முடிச்சுகளாக வருவதும் உண்டு. பெரிய நரம்பு முழுவதிலும் புழுக்கூட்டம் சுற்றிக்கொண்டதைப்போல் படர்ந்து வருவதும் உண்டு. படர்ந்து வருவது பிறவியிலேயே ஆரம்பித்துச் சிறுவயதில் வேகமாக வளரக்கூடியது.

தோலில் காணும் இம்முடிச்சுகள் நரம்பைச் சேர்ந்தவை என்பதை விளக்கி நிலைநாட்டியவர், ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் ஆசிரியராயிருந்த ரெக்லிங்ஹவுசன் என்பவர். அவர் புத்தகம் வெளிவந்தது 1882-ல். செத்தவர்களின் உடலை அறுத்துப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தே அவர் அதைச் சொன்னார். நமது தேசத்திலோ பிணத்தைத் தொட்டால் தீட்டு என்று சொல்லிக் குளித்துவிட்டு, உயிரோடிருக்கிறவனின் வியாதிக்குக் காரணம் சுவடியில் தேடிக்கொண்டிருந்தோம். யாருக்கு உண்மை கிடைக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பரம்பரையும் பழியும்

நிற்க, ஒரு கழலை மாத்திரம் வருகிறவர்கள் போக, உடம்பெல்லாம் பல கழலைகள் வருகிற சிலரும் உண்டு. இவர்களுக்குப் பிறக்கும்போதே எல்லா அணுக்களிலும் அந்த முட்டுக்கட்டை ஜீன்களின் ஜோடியில் ஒன்று கெட்டிருக்கும். இதில் அதிகமாகக் காணப்படுவது நியூரோபைப்ரோமடோசிஸ் முதல் வகை என்பது. சுமார் 3,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இது இருக்கிறது. 17-வது குரோமோசோமில் உள்ள இதன் ஜீன் 1990-ல் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாம் வகை என்று சொல்லப்பட்டுவந்தது இதைவிட மிகவும் அபூர்வம். அதன் ஜீன் 22-வது குரோமோசோமில் இருப்பது 1993-ல் தெரிந்தது. அதில் ஷ்வானோமாக்கள், விசேஷமாக இரண்டு காது நரம்புகளிலும் வரும்.

முதல் வகைக்குச் சிறு குழந்தையிலேயே அடையாளம் தெரியும். பால் கலந்த காப்பி நிறத்தில் தட்டையான மச்சங்கள் உடம்பில் இருக்கும். ஒன்றிரண்டு மச்சம் இருந்தால் பயமில்லை; அது யாருக்கும் இருக்கலாம். பருவமடையாத குழந்தைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மச்சங்கள் ஆறு அல்லது அதற்கு மேல் இருந்தால் வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் பொடி மச்சங்கள் இருந்தால் சந்தேகம் இன்னும் பலப்படும்.

ஆனால் நம் ஊரில் இந்த மச்சத்தைப் பார்த்ததும் என்ன சொல்லுகிறார்கள்? “பிள்ளைத்தாய்ச்சியாய் இருந்தபோது கிரகணத்தில் வெளியே போயிருப்பாள்” என்கிறார்கள். மாமியார் மருமகளைத் திட்டுகிறாள். புருஷன் மனைவியைச் சந்தேகிக்கிறான். பெரியவளானபின் அந்தப் பெண்ணின் தோலில் முடிச்சுகள் கிளம்பினால் “பூர்வ ஜென்மத்துப் பாவம்” என்கிறார்கள். இன்னும் சிலர் குஷ்டம் என்று சொல்லித் தண்ணீர்ச் செம்பைத் தனியாக வைத்துவிடுகிறார்கள். இது குஷ்டமுமல்ல, தொட்டால் ஒட்டுவதுமல்ல. குஷ்டமாகவே இருந்தாலும்தான் என்ன? அதற்கு இன்று தீர்க்கும் மருந்து இருக்கிறது. அது இனாமாகவும் கொடுக்கப்படுகிறது. குஷ்டம் உள்ளவரைத் தள்ளிவைப்பதும் அறியாமையே; இல்லாதவரைக் குஷ்டம் என்று தள்ளிவைப்பது அறியாமையின் மேல் அறியாமையாகும்.

இப்போது கணக்கைக் கேளுங்கள். இந்த முதல் வகை உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்குத் தாய் தந்தை இருவரிடமும் இந்தக் குற்றம் கிடையாது. கரு உண்டாகிற சமயத்தில் புதிதாக ஜீன் பிசகிவிட்டதால் வந்ததே அது. மற்றப் பாதிப் பேருக்குத் தாயிடமிருந்து வந்திருக்கலாம்; தகப்பனிடமிருந்தும் வந்திருக்கலாம். இருவருக்கும் சமபங்கு. அப்படியிருக்கப் பழி எல்லாம் ஏன் தாயின் தலையிலேயே விழுகிறது? ஜீன் ஆண் பெண் என்று பார்ப்பதில்லை, பார்ப்பவர்கள் நாம்தான். அன்றியும் இந்த வியாதி ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஜப்பானிலும் நம்மிடத்திலும் எல்லா ஜாதியாரிடத்தும் எல்லா மதத்தாரிடத்தும் காணப்படுகிறது. கர்மத்தின் பலன் என்றால், கர்மத்தைப் பற்றிக் கேள்விப்படாத தேசத்துக் குழந்தைக்கு எதற்காக வந்தது? கிரகணத்துக்கு வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளுகிறவர்கள் ஊரிலும் இது இருக்கிறது. வெளியே நின்று கண்ணாடி போட்டுக் கிரகணத்தைப் பார்க்கிறவர்கள் ஊரிலும் இது இருக்கிறது. கிரகணம்தான் காரணமென்றால் இது எப்படி?

யானையின் கதை

நம்மவர்கள் மாத்திரம்தான் இப்படி என்று சொல்ல நாம் வரவில்லை. இங்கிலாந்து தேசத்தில் லெஸ்டர் என்னும் ஊரில் 1862-ல் ஜோசப் மெரிக் என்பவர் பிறந்தார். வளர வளர அவர் தலையும் வலது கையும் கால்களும் விகாரமாகப் பருத்தன. அவரை “யானை மனிதன்” என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு வேடிக்கை காட்டினார்கள். இதற்குக் காரணம் என்னவென்று கேட்டால், அவர் தாயார் கர்ப்பமாயிருந்தபோது சந்தையில் ஒரு யானை அவரைத் தள்ளிப் பயமுறுத்திவிட்டதாம்! மெரிக்கும் அதையே நம்பினார். அவர்களுக்கு யானை, நமக்குக் கிரகணம். தேசம் வேறானாலும் மூடநம்பிக்கை ஒன்றுதான்.

லண்டன் ஆஸ்பத்திரியில் 1886-ல் அவருக்கு இடம் கிடைத்தது. 1890-ல் அங்கேயே காலமானார். பின்னால் 1909-ல் ஒரு வைத்தியர் அவருக்கு இருந்தது நியூரோபைப்ரோமடோசிஸ் என்று எழுதினார். அதைப் பல வருஷகாலம் உலகம் நம்பிற்று. அதன் பலன் என்ன? நாலு மச்சமும் ரெண்டு முடிச்சும் உள்ள பெண்ணும் பையனும், “நாமும் யானை மனிதனைப்போல் ஆகிவிடுவோமோ” என்று தூக்கமில்லாமல் கிடந்தார்கள். 1986-ல் வேறு இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எலும்புக்கூட்டின் அமைப்பையும் மற்ற அடையாளங்களையும் ஒத்துப் பார்த்து, அது ப்ரோட்டியஸ் என்னும் வேறு அபூர்வ வியாதியாகவே இருக்கவேண்டும் என்று காட்டினார்கள்.

இதைக் கவனியுங்கள். வைத்திய சாஸ்திரமும் தவறு செய்கிறது. ஆனால் அது 1909-ல் சொன்னதை 1986-ல் தானே மறுக்கிறது. மறுத்தவரை யாரும் நாஸ்திகன் என்று சொல்லி ஊரைவிட்டுத் துரத்தவில்லை. தப்பைத் திருத்திக்கொள்ளும் வழி தனக்குள்ளேயே இருப்பதுதான் அறிவின் லட்சணம். நம் சாஸ்திரங்களில் அப்படித் திருத்தப்பட்ட ஒரு பக்கத்தைக் காட்டுவார்களா என்று கேட்கிறோம்.

கண்டுகொள்வது எப்படி?

கை கால்களில் வரும் நரம்புக் கழலைக்குச் சில குறிகள் உண்டு. நரம்பு ஓடுகிற பாதையில் அது இருக்கும். குறுக்காகத் தள்ளினால் இப்படியும் அப்படியும் நகரும். நரம்பின் நீளப்போக்கில் தள்ளினால் நகராது. அதை லேசாகத் தட்டினால் சுரீர் என்று மின்சாரம் பாய்ந்ததுபோல் விரல் நுனிவரை ஓடும். சிலருக்கு மரமரப்பு இருக்கும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது.

இந்தக் குறிகளைத் தெரிந்துகொள்ளாததால் வரும் கேட்டைச் சொல்லுகிறோம். கட்டி என்றால் எல்லாம் கொழுப்புக் கழலைதான் என்று நினைத்து, படம் எடுத்துப் பாராமல் ஐந்து நிமிஷத்தில் வெட்டி எறிந்துவிட்டால், கழலையோடு நரம்பும் போய்விடும். பிறகு மணிக்கட்டைத் தூக்க முடியாது. அல்லது பாதம் தொங்கிப்போகும். அறுந்த நரம்பைச் சேர்த்துத் தைத்தாலும் அது ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம்தான் வளரும். மேல்கையில் அறுந்தது விரலை எட்ட எத்தனை மாதமாகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எட்டினாலும் பழைய பலம் முழுவதும் வருவது அரிது. நெசவு நெய்கிறவனுக்கும் நாற்று நடுகிறவளுக்கும் கைதானே சொத்து!

ஆகவே எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப்படம் எடுத்துப் பார்த்து, எந்த நரம்பைச் சேர்ந்தது, எவ்வளவு பெரிது என்று தெரிந்துகொண்டே கத்தியைத் தொடவேண்டும். ஊசியால் குத்திச் சிறிது எடுத்துப் பார்ப்பதும் உண்டு. ஆனால் நரம்பில் குத்துவதால் வலியும் சேதமும் நேரலாம். ஆதலால் அதை யோசித்துச் செய்வார்கள்.

காது நரம்பில் வருவது வேறு. வெளியே கட்டி தெரியாது. ஒரு காது மாத்திரம் மெல்ல மெல்ல மந்தமாகும். அந்தக் காதில் இரைச்சல் கேட்கும். நடை சற்றுத் தள்ளாடும். “வயதாகிவிட்டது, காது கேட்கவில்லை” என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். வயதானால் இரண்டு காதுமல்லவா மந்தமாக வேண்டும்? ஒரு காது மாத்திரம் மந்தமானால் காரணம் தேடவேண்டும் என்பதை மறவாதீர்கள்.

சிகிச்சை மூன்று

முதல் சிகிச்சை, ஒன்றும் செய்யாமல் கவனித்து வருவது. இது சிகிச்சையா என்று சிரிக்க வேண்டாம். கழலை சிறிதாய், தொந்தரவில்லாமல் இருந்தால் குறித்த காலத்துக்கு ஒருமுறை படம் எடுத்து அளந்து பார்ப்பதே நல்லது. காது நரம்பின் சிறு கழலைகளில் பாதிக்குக் குறையாதவை சில வருஷங்கள் பார்த்தாலும் குறிப்பிடும்படி வளர்வதில்லை. சும்மா இருப்பதும் இதுவும் ஒன்றல்ல. சும்மா இருப்பவன் அளப்பதில்லை, கவனிப்பவன் அளக்கிறான்.

இந்த இடத்தில்தான் ஏமாற்றுகிறவர்களுக்கு வேட்டை. தானாக வளராமல் நிற்கிற கழலைக்கு ஒருவன் தாயத்துக் கட்டுகிறான். ஒருவன் சூரணம் கொடுக்கிறான். ஒருவன் நேர்த்திக்கடன் போடச் சொல்லுகிறான். கழலை நின்றுவிட்டால் “பார்த்தாயா என் மகிமையை” என்கிறான். வளர்ந்துவிட்டால் “உனக்குப் பக்தி போதாது” என்கிறான். நின்றாலும் அவனுக்கு லாபம். வளர்ந்தாலும் நஷ்டம் நமக்கே. மருந்து உண்மையில் வேலை செய்தது என்றால், அதைச் சாப்பிட்டவர் நூறு பேரையும் சாப்பிடாதவர் நூறு பேரையும் பக்கத்தில் வைத்து அளந்து காட்டவேண்டும். அப்படிக் காட்டு என்று கேளுங்கள். கேட்டவுடன் கடையைக் கட்டிவிடுவான்.

இரண்டாவது சிகிச்சை கத்தி. வலி, மரமரப்பு, பலக்குறைவு, வளர்ச்சி, அல்லது இன்னதென்று சந்தேகம் இருந்தால் இது வேண்டியிருக்கும். ஷ்வானோமாவாக இருந்தால் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, உறையின் மேல் இழைகள் இல்லாத இடமாகப் பார்த்து நீளவாட்டில் கீறி, உள்ளேயிருக்கும் உருண்டையை மாத்திரம் வெளியே எடுப்பார்கள். வேலை செய்கிற நரம்பு இழை ஒவ்வொன்றையும் மின்சாரத்தால் தூண்டிப் பார்த்துக் காப்பாற்றும் கருவியும் உண்டு. பெரும்பாலோருக்கு நரம்பு பிழைக்கிறது. திரும்பவும் வளர்வது அபூர்வம். நியூரோபைப்ரோமாவில், முழுவதும் எடுக்கவேண்டுமானால் சில இழைகளையாவது பலி கொடுக்க நேரலாம். அதனால் எவ்வளவு எடுப்பது, எவ்வளவு விடுவது என்பதை முன்னாலேயே பேசிக்கொள்ளவேண்டும்.

காது நரம்புக் கழலைக்குக் கத்தி வைத்தால் பெரும்பாலோர் செத்துப்போன காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் ஹார்வி குஷிங் என்னும் ரணசிகிச்சை நிபுணர், இரத்தப்போக்கை அடக்கி, கழலையின் உள்பாகத்தை மாத்திரம் பொறுமையாக எடுக்கும் முறையைக் கையாண்டு சாவைக் குறைத்தார். அவர் அதைப்பற்றி 1917-ல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். இன்று தேர்ந்த இடங்களில் சாவு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆயினும் கேட்கும் சக்தி போவதும், முகம் ஒரு பக்கம் கோணுவதும் இன்னும் நேரக்கூடிய கஷ்டங்களே. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

மூன்றாவது சிகிச்சை கதிர். ஸ்வீடன் தேசத்து லார்ஸ் லெக்செல் என்பவர் 1951-ல் கத்தியில்லாமல் கதிர்களைப் பல திசைகளிலிருந்து ஒரே புள்ளியில் சேர்க்கும் யோசனையை வெளியிட்டார். காது நரம்பின் நடுத்தரக் கழலைகளுக்கு இது நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வளர்ச்சியைத் தடுக்கிறது. கழலையை மறையச் செய்வதில்லை, வளராமல் நிறுத்துகிறது. ஆனால் பரம்பரைக் குற்றம் உள்ளவர்களுக்குக் கதிரால் பின்னால் கெடுதல் வரும் அபாயம் அதிகமாதலால், அவர்களுக்கு மிகவும் யோசித்தே உபயோகிக்க வேண்டும்.

புதிய மருந்து

குழந்தைகளுக்குப் படர்ந்து வருகிற நியூரோபைப்ரோமாவைக் கத்தியால் முழுவதும் எடுக்க முடியாது என்று சொன்னோம். வெகுகாலம் இதற்கு மருந்தே கிடையாது. ஜீன் இன்னதென்று 1990-ல் தெரிந்தபிறகு, முட்டுக்கட்டை இல்லாமல் ஓடும் தேரை வேறு இடத்தில் கயிறு போட்டு நிறுத்தலாமா என்று முப்பது வருஷம் பாடுபட்டார்கள். அதன் பலனாகச் செலுமெடினிப் என்னும் மருந்து வந்தது. 50 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில், பத்துக்கு ஏழு பேர் வீதம் கழலை ஐந்தில் ஒரு பங்காவது சுருங்கிற்று. பலருக்கு வலியும் குறைந்தது. 2020-ல் அமெரிக்க அரசாங்கம் இதை அனுமதித்தது. அதே வகையைச் சேர்ந்த மிர்டாமெடினிப் என்பதைக் குழந்தைகளோடு பெரியவர்களுக்கும் 2025-ல் அனுமதித்தது.

இதுவும் சஞ்சீவியல்ல. கழலை அடியோடு போய்விடுவதில்லை. வயிற்றுப்போக்கு, தோல் கொப்புளம் வரும். இருதயத்தையும் கண்ணையும் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். விலையோ ஏழைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. கோயில் கோபுரத்துக்குப் பொன் தகடு வேய நன்கொடை கொடுக்கிற நாட்டில், ஒரு கூலிக்காரன் குழந்தைக்கு மருந்து வாங்கப் பணமில்லை என்பது யாருக்கு அவமானம் என்று கேட்கிறோம். இப்படிப்பட்ட மருந்துகளைச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஏழைகளுக்குக் கிடைக்கும்படி செய்யவேண்டும் என்று கேட்பது பிச்சையல்ல. வரி கொடுக்கிறவனின் பாத்தியதை.

எப்போது தாமதிக்கக்கூடாது?

சாதுவான கழலையும் பரம்பரை முதல் வகை உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேருக்கு ஆயுளில் எப்போதாவது புற்றாக மாறுகிறது. தனிக் கழலை ஒன்று மாத்திரம் உள்ளவர்களுக்கு இது மிக மிக அபூர்வம். ஆகவே வெகுநாளாய்ச் சும்மா இருந்த கழலை திடீரென்று வேகமாக வளர்ந்தாலும், கெட்டிப்பட்டாலும், இராத்திரியில் எழுப்பும்படி ஓயாமல் வலித்தாலும், கை கால் பலம் குறைந்தாலும், அன்றைக்கே புறப்படுங்கள். நல்ல நாள் பார்க்காதீர்கள். இராகு காலம் பார்க்காதீர்கள். கழலை பஞ்சாங்கம் பார்த்து வளர்வதில்லை.

முதல் வகை உள்ள குழந்தைகளுக்கு வருஷம் ஒருமுறை கண், முதுகெலும்பு, இரத்த அழுத்தம் இவற்றைப் பரிசோதிக்க வேண்டும். இவர்களில் சுமார் பாதிப் பேருக்குப் படிப்பு சற்று மெதுவாக வரும். உபாத்தியாயர் இதைத் தெரிந்துகொள்ளாமல் “மக்கு” என்று பெஞ்சியின்மேல் ஏற்றுவது பெரிய கொடுமை. பெண்களானால் 30 வயதிலிருந்தே மார்பைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

கலியாணம்

இப்போது எல்லோரும் மனதில் நினைத்துக்கொண்டு வாயால் கேட்கக் கூசுகிற கேள்விக்கு வருகிறோம். இப்படிப்பட்ட பெண்ணுக்கோ பிள்ளைக்கோ கலியாணம் செய்யலாமா?

செய்யலாம் என்றுதான் சொல்லுகிறோம். ஆனால் மறைத்துச் செய்யக்கூடாது. பெற்றோரில் ஒருவருக்கு இது இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி சந்தர்ப்பம் உண்டு. ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு நாலு மச்சத்தோடு நின்றுவிடும்; இன்னொருவருக்குக் கடுமையாக வரும்; எது வரும் என்று முன்னால் சொல்ல முடியாது. கருவிலேயே பரிசோதித்துப் பார்க்கும் வழியும் இன்று உண்டு. இவ்வளவையும் தெரிந்துகொண்ட வயது வந்த ஆணும் பெண்ணும் கலந்து பேசி, கலியாணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பெறலாம், பெறாமலும் இருக்கலாம். அது அவர்கள் இருவருடைய இஷ்டம். பத்துப் பொருத்தம் பார்க்கிற சோசியனுக்கும் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் அதில் பாத்தியதை கிடையாது. பிள்ளை பெறுவதற்கு மாத்திரமே பெண் பிறந்தாள் என்று நினைக்கிறவர்களுக்குத்தான் இது பெரிய ஆபத்தாகத் தோன்றும்.

வைத்தியரிடம் கேளுங்கள்

கடைசியாக ஒன்று. பூசாரியின் காலில் விழுவதை விட்டுவிட்டு வைத்தியரின் காலில் விழுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. இது எந்த நரம்பைச் சேர்ந்தது? இரண்டு வகையில் எந்த வகை? இப்போதே எடுக்காவிட்டால் என்ன ஆகும்? எடுத்தால் எந்தப் பலம், எந்த உணர்ச்சி போகக்கூடும்? இந்த மாதிரிக் கழலைகளை நீங்கள் எத்தனை எடுத்திருக்கிறீர்கள்? இந்த ஐந்து கேள்வியையும் கேளுங்கள். நல்ல வைத்தியர் கோபித்துக்கொள்ள மாட்டார், பதில் சொல்லுவார். கோபித்துக்கொள்ளுகிறவரிடம் உங்கள் நரம்பைக் கொடுக்காதீர்கள். பெரிய வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் நரம்பு ரணசிகிச்சைக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அங்கே போய் இன்னொருவர் அபிப்பிராயத்தையும் கேளுங்கள்.

நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. விசாரித்துப் பாருங்கள், சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள், எடுத்துக்கொண்டதைப் பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள். முடிச்சுள்ள கையை முந்தானையால் மூடிக்கொண்டு விசேஷங்களுக்கு வராமல் வீட்டின் உள்ளறையில் உட்கார்ந்திருக்கிற பெண் ஒருத்தி உங்கள் தெருவிலும் இருக்கலாம். அவளிடம் போய், “இது பாவமல்ல அம்மா, ஒட்டுவதுமல்ல, வா, ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுவோம்” என்று சொல்லி அழைத்துப்போகிறவர் ஒருவர் இந்தக் கூட்டத்திலிருந்து கிளம்பினால், இன்று நாம் பேசியது வீண்போகவில்லை என்று கருதுவோம்.